கனாயாப் படத்தில் ஒரு கை

எடோ
தெம்போ மூன்றாம் ஆண்டு, எட்டாம் மாதம் 3

அன்புள்ள அக்கா ஒகாஜிக்கு,

தம்பி தொமேசோ வணங்கி எழுதுவது. அத்தான் காலமான பிறகு தேநீர்க்கடையைத் தனியாளாகச் சுமக்கிறாய். முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே வெயில் இன்னும் தணியவில்லை. நான் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

ஒமினே வீட்டை விட்டுப் போய் இருபது நாள் ஆகிறது. செதுக்கி முடித்த அச்சுப் பலகையைக் கொடுக்கப் பதிப்பாளர் கிஹெய் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அடுப்பு ஆறிக் கிடக்கிறது. நீலக்கோடு போட்ட பருத்திக் கிமோனோ, மழைத்தொப்பி, இரண்டு ஜோடி வைக்கோல் செருப்பு, அவ்வளவுதான் எடுத்துப் போயிருக்கிறாள். நான்கு வருஷம் குடும்பம் நடத்தியவள், என்ன குறை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா. விடிந்தது முதல் பொழுது சாயும்வரை மரத்தைக் கொத்துகிறேன். குடிப்பதில்லை, சூதாடுவதில்லை. இதற்கு மேல் என்ன வேண்டுமாம்?

பக்கத்து வீட்டு ஒசான், கிணற்றடியில் என் காதில் விழட்டும் என்றே சத்தமாக, "நல்ல பொண்ணுடி அது. இத்தனை நாள் இருந்ததே பெரிசு" என்கிறாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. நேற்று ஒரு குதிரையின் காலில் கோடு தப்பிப் பலகையே வீணானது. பன்னிரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

இசே கோயில் யாத்திரைக் கூட்டத்தோடு கலந்து போய்விட்டாள் என்று ஒரு பேச்சு. அப்படியானால் உன் கடை வாசலைத் தாண்டாமல் போயிருக்க முடியாது. பார்த்தாயா? உடனே எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தொமேசோ


கனாயா
எட்டாம் மாதம் 27

தம்பி தொமேசோவுக்கு,

முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது, ஒன்றை விட்டு ஒன்று போகாது. உன் கடிதம் அக்கரையில் ஒன்பது நாள் கிடந்து வந்தது. ஓய் ஆற்றில் மார்புக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டதால் கடப்பதை நிறுத்திவிட்டார்கள். பயணிகளைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடத்திவிடும் சுமைகாரர்கள் முழுக்க என் கடையில்தான் படுத்துக் கிடந்தார்கள். சாமுராய் ஒரு பக்கம், பிக்கு ஒரு பக்கம், மருந்து விற்கிறவன் நடுவில். அடுப்பு ஒரு நாள்கூட அணையவில்லை.

போதாததற்கு எடோவிலிருந்து ரான்கெய் என்று ஓர் ஓவியன். சாலையில் உள்ள ஒவ்வொரு ஊரையும் வரைகிறானாம். என் அரிசி உருண்டையைத் தின்றுகொண்டே கண்ணில் பட்டவர்களையெல்லாம் கிறுக்குகிறான். நான் ஒரு சுமைகாரனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, "அம்மா, வாய மூடிடாதீங்க, அப்படியே திட்டுங்க, நல்லா வருது" என்றான். கரண்டியைத் தூக்கினேன். அதையும் வரைந்துகொண்டான்.

நீ கேட்டது. ஒரு நாளைக்கு முன்னூறு பேர் போகிற சாலை இது. எல்லார் முகத்தையும் நான் பார்த்துக்கொண்டா இருப்பேன்? உன் கோபம் எப்படி இருக்கிறது? சின்ன வயதில் பட்டத்தை நீயே கிழித்துவிட்டு நீயே அழுவாய். வேளைக்குச் சாப்பிடு.

ஒகாஜி


எடோ
ஒன்பதாம் மாதம் 14

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு. கை நீளத்துக்கு ஆற்றைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை இல்லை. பட்டத்தைப் பற்றி யார் கேட்டார்கள்?

ஷினகாவாவில் மாமனார் வீட்டுக்குப் போனேன். டோஃபு வெட்டிக்கொண்டே தலையைத் தூக்காமல், "உங்கிட்டதானே குடுத்தோம்? எங்கிட்ட வந்து கேட்டா எப்படி?" என்றார். மாமியார் தேநீர்கூட வைக்கவில்லை. எல்லா வீட்டிலும் புருஷன் பெண்டாட்டி சண்டை இல்லையா? சண்டை போட்டவர்களெல்லாம் சாலையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் எடோவில் யார் மிஞ்சுவார்கள்?

நான் அங்கே வருகிறேன். சாலையில் விசாரித்துக்கொண்டே வந்தால் தடம் கிடைக்கும்.

தொமேசோ


கனாயா
பத்தாம் மாதம் 2

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ வராதே. குளிர் தொடங்கிவிட்டது, ஹகோனே மலையில் வழுக்குகிறது, கடையில் படுக்க இடமில்லை. கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வந்தால் கிஹெய் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார். நல்ல செதுக்குகிறவன் என்று பேர் எடுத்திருக்கிறாய், அதைக் கெடுத்துக்கொள்ளாதே. மீண்டும் சொல்கிறேன், வராதே. உனக்கு உலர்ந்த காளான் அனுப்பியிருக்கிறேன், சூப்பில் போட்டுக் குடி.

ஒகாஜி


எடோ
பதினோராம் மாதம் 9

அக்கா,

காளான் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

கிஹெய் ஒரு கட்டு ஓவியத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். சாலைப் படங்கள், ரான்கெய் வரைந்தவை. ஏழாவது தாள் கனாயா. கூரைக்கு அடியில் தொங்கும் செருப்புகள், கால் நீட்டிப் படுத்த சுமைகாரர்கள், நடுவில் கரண்டியைத் தூக்கிக்கொண்டு நீ. உன் வாய் அப்படியே வந்திருக்கிறது. சிரித்துவிட்டேன், நான்கு மாதத்தில் முதல் முறை.

பின்னால், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெண். முகம் அரிசி மணி அளவுதான். யார் முகமாகவும் இருக்கலாம். வலது கையில் தட்டு. இடது கையைத் தட்டின் விளிம்புக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். மணிக்கட்டு வெளிப்பக்கமாக ஒடிந்து திரும்பியிருக்கிறது.

அது ஒமினே. மறைக்காதே அக்கா. எனக்குத் தெரியும்.

கிஹெய் அந்த இடத்தில் விரலை வைத்து, "இந்தக் கோணக்கைய விட்டுடாதீங்க தொமே. வாங்கறவன் சிரிக்கணும். சாலைன்னா நொண்டி, முடம், குடிகாரன் எல்லாம் இருக்கணும்" என்றார். தலையாட்டினேன். தாளைக் குப்புறப் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறேன். இன்னும் உளியை எடுக்கவில்லை.

கூடப் பிறந்த நீ என்னிடம் பொய் சொல்லலாமா? வருஷம் பிறந்ததும் வந்து அவளை அழைத்துப் போவேன். அவள் என் மனைவி.

தொமேசோ


கனாயா
பதினோராம் மாதம் 28

தொமேசோவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன், நீயும் இருக்கிறாய். நலம் விசாரிப்பு முடிந்தது.

ஆமாம், இங்கேதான் இருக்கிறாள். ஏழாம் மாதக் கடைசியில், யாத்திரைக்காரிகள் எட்டுப் பேரோடு வந்தாள். அவர்கள் போன பிறகும் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இடது கையில் கந்தல் துணி சுற்றியிருந்தது. என்னடி ஆச்சு என்றேன். "விழுந்துட்டேன் அக்கா" என்றாள். மூன்று நாள் அதையே சொன்னாள். நாலாம் நாள் நான் மர உலக்கையால் அரிசி இடிக்கத் தொடங்கியதும், அந்தச் சத்தத்துக்குச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

உன் முதல் கடிதத்தில் கிமோனோவின் கோட்டு நிறம் எழுதினாய். செருப்பு எத்தனை ஜோடி என்று எழுதினாய். கொட்டாப்புளியைப் பற்றி எழுதவில்லை. சோறு ஆறிவிட்டது என்பதற்காக உளி அடிக்கிற கொட்டாப்புளியைத் தூக்கி எறிந்ததை எழுதவில்லை. "நான் ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதினாய். இப்போது சொல், பொய் சொன்னது யார்?

எலும்பு கட்டுகிறவர் பார்த்துவிட்டு, "முதல் நாளே கூட்டிட்டு வந்திருந்தா நிமித்தியிருப்பேன். கோணலாவே கூடிடுச்சு" என்றார். துணி பிழிய முடியவில்லை அவளுக்கு. தலைமுடியைத் தானே கட்டிக்கொள்ள முடியவில்லை. நான்தான் கட்டிவிடுகிறேன்.

இரண்டாம் மாதம் இருபதாம் தேதி ஊர்த்தலைவர் வீடுவீடாக வந்து பேர்ப்பதிவு எழுதுவார். காகிதம் இல்லாமல் இன்னொருத்தன் மனைவியை வீட்டில் வைத்திருக்க எனக்கு உரிமை கிடையாது. உன்னிடம் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூன்றரை வரி எழுதி அனுப்பு. விலக்கினேன், இனி யாரை மணந்தாலும் எனக்குத் தடையில்லை என்று எல்லாப் புருஷன்களும் எழுதுகிற அதே மூன்றரை வரி. உன்னைத் தவிர வேறு யாரும் அதை எழுத முடியாது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

குளிரில் நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்.

ஒகாஜி


எடோ
பன்னிரண்டாம் மாதம் 16

அக்காவுக்கு,

சளி இல்லை.

அவள்மீது படவேண்டும் என்று எறியவில்லை. சுவரைப் பார்த்துத்தான் எறிந்தேன். அவள் குறுக்கே கையை நீட்டினாள். கிஹெய் வீட்டு ஆள் காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தான், அந்தக் கடுப்பு. மறுநாள் நானே அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அதையும் சொன்னாளா?

எழுத மாட்டேன். அவள் வரட்டும். ஒரு வருஷம் பார்க்கட்டும். கொட்டாப்புளியைத் தொடுவதற்கு முன்னால் பத்து எண்ணுகிறேன் இப்போதெல்லாம்.

கனாயாப் பலகையில் எல்லாம் செதுக்கியாயிற்று. கூரை, செருப்பு, குதிரை, உன் வாய், மழைக்கோடு. அந்தக் கை ஒன்றுதான் பாக்கி. கிஹெய் தினம் கேட்கிறார்.

தொமேசோ


கனாயா
தெம்போ நான்காம் ஆண்டு, முதல் மாதம் 8

தம்பிக்கு,

புது வருஷம் உனக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். இங்கே மோச்சிக்கு அரிசி இடித்தோம், சாப்பிட்டோம், யாருக்கும் காய்ச்சல் இல்லை.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மறைக்கவில்லை. உனக்காகவும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று, "போறியாடி? பத்து எண்றானாம்" என்றேன். முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அனுப்பினா போவேன் அக்கா. போகாம என்ன பண்றது? ஆனா உங்களுக்குத் தெரியாது. அந்த வீட்ல நாள் பூரா டொக் டொக்குனு கேட்டுட்டே இருக்கும். கேக்கற வரைக்கும் பயமில்ல. நின்னுச்சுன்னா, தண்ணி குடிக்க எந்திரிக்கிறாரா, என்கிட்ட வர்றாரான்னு தெரியாது. நாலு வருஷம் அப்படியே காதைத் தீட்டிட்டு உக்காந்திருந்தேன். தூங்கறப்பகூட. அவர் பத்து எண்ணட்டும். எண்றது எனக்குக் கேக்காதே."

பிறகு மறுபடி முள்ளங்கியை நறுக்கினாள். நீ என் தம்பி. உன்னை முதுகில் தூக்கி வளர்த்தேன். உன்னைப் பெற்றவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது, எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றரை வரி.

ஒகாஜி


எடோ
முதல் மாதம் 27

அக்கா,

உன் முட்டி தேவலையா? என் உடம்பு எப்படி இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கையை நான் நேராக்கிச் செதுக்கினேன். ஆமாம், வேண்டுமென்றேதான். அரிசி மணி முகம், மெல்லிய விரல், நேரான மணிக்கட்டு. நான்கே கோடு. யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். செதுக்கி முடித்ததும் மனசு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? உட்கார்ந்து ஒரு கிண்ணம் சோறு முழுக்கச் சாப்பிட்டேன்.

சோதனைத் தாள் எடுத்ததும் ரான்கெய் பிடித்துக்கொண்டான். "யோவ், என் கை எங்கய்யா? அந்தப் பொண்ணு தட்டு ஏந்தற லட்சணமே அந்தக் கோணல்தானே! கூட்டத்துல அவ ஒருத்திதான் உண்மையா நிக்கறா, அவளைப் போய் பொம்மையாக்கிட்டியே!" என்று குதித்தான். கிஹெய், "மாத்துங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பலகையில் அந்த இடத்தைச் சதுரமாகத் தோண்டி, புதுச் செர்ரி மரத்துண்டை அடித்து இறக்கினேன். கையைப் புதிதாக வரைய வேண்டும். மூல ஓவியம்தான் கிடையாதே, செதுக்கும்போதே உளிக்கு அடியில் தூளாகிப் போனது. ரான்கெய் தூரிகையை எடுத்தான், வைத்தான், தலையைச் சொறிந்தான். "எப்படித் திரும்பியிருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் வரலையே" என்றான்.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றேன்.

தூரிகையை வாங்கி நானே வரைந்தேன். ஒரே மூச்சில் வந்துவிட்டது. எலும்பு எந்த இடத்தில் புடைத்திருந்தது, சுண்டுவிரல் எப்படித் தனியாக விலகி நின்றது, எல்லாம். ரான்கெய் வாயைப் பிளந்துகொண்டு, "நீ என்னய்யா, பக்கத்துல உக்காந்து பாத்தவன் மாதிரி போடறே!" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அதைக் கொத்தினேன். கொட்டாப்புளி அடி ஒவ்வொன்றும் எங்கே விழுகிறதென்று எனக்குத் தெரிந்தது.

கிமோனோவும் செருப்பும் மட்டும்தான் நினைவிருக்கிற மாதிரி உனக்கு எழுதினேன். பொய். வீங்கிய கையை எட்டு நாள் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்து சோறு தின்றேன். வைத்தியரிடம் போகலாம் என்று அவள் ஒரு தடவை கேட்டாள். வேலை முடியட்டும் என்றேன்.

மூன்றரை வரி எழுத உட்கார்ந்தேன். நாலு வரி வந்தது. கிழித்தேன். மறுபடி எழுதினேன், கெஞ்சுகிற மாதிரி வந்தது. கிழித்தேன். நானே நேரில் வந்து அவள் கையில் கொடுக்கிறேன். காலில் விழுகிறேன். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் சரி.

தொமேசோ


கனாயா
இரண்டாம் மாதம் 6

தம்பி,

கடிதத்தை வாசித்துவிட்டு அழுதேன். அழுதேன் என்பதற்காக இளகிவிட்டேன் என்று நினைக்காதே.

நீ வராதே. நீ காலில் விழுந்தால் கடையில் இருக்கிற அத்தனை சுமைகாரர்களும், "பாவம்மா, மன்னிச்சு விடு" என்று அவள் பக்கம் திரும்புவார்கள். நீ அழுதுவிட்டு நிம்மதியாகப் போவாய், அவள் பதில் சொல்ல முடியாமல் நிற்பாள். நான்கு வருஷம் நின்றது போதாதா? காகிதம் மட்டும் வரட்டும்.

மலையில் பனி உருகி ஆறு கலங்கி ஓடுகிறது. இன்று இடுப்பளவு. சுமைகாரர்களின் மேஸ்திரி, "பதினெட்டுக்குள்ள வந்துட்டா பாத்துக்கலாம்மா. அதுக்கு மேல கேக்காதீங்க" என்கிறான். இருபதாம் தேதி ஊர்த்தலைவர் வருகிறார். இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், நீயும் அதிலேயே போடு.

சாப்பிடு. எனக்கு உன் பேரிலும் கவலை இருக்கிறது, என்ன செய்ய?

ஒகாஜி


எடோ
இரண்டாம் மாதம் 11

ஒமினேக்கு,

நான் கொட்டாப்புளி எறிந்து உன் கையை முறித்த காரணத்தால் நம் மணவாழ்வு முடிந்தது.
இனி நீ எவரை மணந்தாலும், மணக்காமலே இருந்தாலும், எனக்கு எந்தத் தடையும் இல்லை.
நீ இருக்கும் இடத்துக்கு நான் வரமாட்டேன், அழைக்க ஆளும் அனுப்பமாட்டேன்.
இது உறுதி.

தொமேசோ


கனாயா
மூன்றாம் மாதம் 3

தொமேசோ அவர்களுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று அக்கா சொல்கிறார். நான் கேட்கவில்லை.

காகிதம் பத்தொன்பதாம் தேதி வந்தது. ஆறு மார்புக்கு ஏறிவிட்டிருந்தது. சுமைகாரர்களின் மேஸ்திரி எண்ணெய்த் தாளில் சுற்றித் தலைக்கட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அக்கா அவரைத் திட்டிக்கொண்டே சாப்பாடு போட்டார்.

மறுநாள் ஊர்த்தலைவர் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி யாரும் எழுதறதில்லையேம்மா. காரணம்னு ஒண்ணு போடவே மாட்டாங்க. உனக்குச் சங்கடமா இருந்தா, மாத்தி எழுதி அனுப்பச் சொல்லலாம்" என்றார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். பதிவில் என் பேரை அக்காவின் பேருக்கு அடுத்ததாக எழுதினார்.

படமும் வந்தது. யாரோ ஒரு பயணி வாங்கி வைத்திருந்தார். சுமைகாரர்கள் என் கையைக் காட்டிச் சிரித்தார்கள், அக்கா கரண்டியை எடுத்ததும் நிறுத்திக்கொண்டார்கள். சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். நீங்கள்தான் அதை வரைந்தீர்கள் என்று அக்கா வாசித்துக் காட்டினார். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாக இருக்கும்.

பதிவு எழுதி முடிந்த அன்று கடையில் நல்ல கூட்டம். ஆறு திறக்கவில்லை, எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள், வெளியே யாரோ வண்டிச் சக்கரத்தில் ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய்ப் படுத்தேன். பட்டப்பகலில், அத்தனை சத்தத்திலும், தூங்கிவிட்டேன். அடிப்பது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. எழுந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள்.

இதைச் சொல்லத்தான் எழுதினேன். அக்காவுக்கு எழுதுங்கள், அவர் எதிர்பார்ப்பார். எனக்குப் பதில் வேண்டாம்.

ஒமினே